நூலகர் பயிற்சியும் வணிகத் தகவலும்

துறைமுகத்தை நாள்தோறும் கண்டு வாழும் நமக்கு அதன் வணிகத்தைப் பற்றித் தெரிந்தவை பெரும்பாலும் செவிவழிச் செய்திகளே. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் இன்று யாருக்கு உரியவை என வினவினான். நூல்நிலையம் ஒன்றிற்கு அவனை அனுப்பினேன். பத்திரிகை நறுக்குகள் கொண்ட கோப்பு ஒன்றையும், கணினித் திரையில் தோன்றிய எண்ணற்ற தலைப்புகளையும் அவனுக்குக் காட்டினர். அவை ஒன்றையொன்று மறுத்தன. அங்குப் பணிபுரிந்தோரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர்களுக்கு அதனை எவர் கற்பித்தார்?

இந்தியாவில் நூலகப் பயிற்சி, அமெரிக்கரான போர்டன் 1911 இல் பரோடாவில் நடத்திய வகுப்புடன் தொடங்கிற்று. தமிழகத்தில் அதனை வேரூன்றச் செய்தவர் சீர்காழியில் 1892 இல் பிறந்த அரங்கநாதன் ஆவார். சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அவர் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். புதிய பதவியின் தனிமையைத் தாங்காது மீண்டும் கற்பித்தற் பணிக்கே திரும்ப விரும்பினார் என்பர்; ஆசிரியனாகிய எனக்கு இது வியப்பன்று. ஆயினும் இலண்டனிற் பயின்று மீண்டபின் அவர் மனம் மாறிற்று. 1929 இல் சென்னையிற் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1962 இல் பெங்களூரில் அவர் தொடங்கிய ஆவணப் பயிற்சி மையமோ தொழிற்சாலைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் வேண்டிய தகவலைத் தேடித் தருவோரை உருவாக்க எழுந்தது. அமெரிக்காவின் நூவார்க் நகரில் வணிகர்க்கெனத் தனிக் கிளை நூலகம் 1904 இலேயே திறக்கப்பட்டிருந்தது.

நம் நாட்டில் நூலகச் சங்கம் 1960 இல் அமைந்தது. 1961 இற் பேராதனையிற் பட்டப்பின் டிப்ளோமாக் கல்வி தொடங்கியது. 1999 இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனத் தனி நிறுவகம் எழுந்தது.

1972 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கணினித் தகவற் சேவையில், தொலைபேசிக் கம்பிவழித் தேடிய ஒவ்வொரு கணத்திற்கும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அதனால் வினாவை முன்னரே செப்பனிட்டுத் தேடும் நூலகர் இன்றியமையாதவரானார். இணையம் வந்தபின் அவர் எதற்கு என்பார் உளர். தேடுபொறியோ பலர் பேசியதை முன்னே கொணர்கின்றது; சட்டத்தாற் கட்டுண்டு ஒருவர் எழுதிவைத்ததைத் தனித்துக் காட்டுவதில்லை. "இதனை எழுதிவைக்கக் கடமைப்பட்டவர் யார்?" என்ற வினாவே நூலகர்க்கு முதற்கண் பயிற்றப்பட வேண்டியது.

அவ்வினாவுடன் தாங்கிகளிடம் மீள்வோம். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி தொண்ணூற்றொன்பது தாங்கிகளுள் 14 லங்கா ஐ.ஓ.சி. கம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 இருவரும் கூடி அமைத்த கம்பனிக்கும் குத்தகையாயின. நிலம் அரசினுடையதே. லங்கா ஐ.ஓ.சி. கொழும்புப் பங்குச் சந்தையிற் பதிவுற்றது. ஆதலால் அதன் வருடாந்த அறிக்கை அச்சந்தையின் இணையதளத்தில் எவர்க்கும் கிடைக்கும். அதன் தாய்க் கம்பனி மும்பைச் சந்தையிற் பதிவுற்றமையால் அங்கும் ஒரு கணக்கு உண்டு. கூட்டுத்தாபனத்தின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம் ஆராய்கின்றார். கூட்டுக் கம்பனியோ தனியார் வடிவினது. பங்குச் சந்தையில் அதனைத் தேடுவோன் ஏமாறுவான். இங்கேதான் பயிற்சியின் பயன் வெளிப்படும். 51 வீதப் பங்கு கூட்டுத்தாபனத்திடம் உண்டு. அரசோ அரச கூட்டுத்தாபனமோ 25 வீதத்திற்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் கம்பனியை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பகிரங்க அதிகார சபையாகவே கொள்கின்றது. ஆகவே அதனிடம் எழுத்தில் வினவலாம். வினவுவதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. தகவலைத் தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுள் அதன் தகவல் அலுவலர் தீர்மானித்தல் வேண்டும்.