காம்ப்டன் உணவகக் கலவரம் (நாடகம்)

காம்ப்டன் உணவகக் கலவரம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில் 2018 ஆம் ஆண்டு முதன்முதலாக நிகழ்த்தப்பட்ட நாடகம் ஆகும். 1966 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அந்நகரின் டெண்டர்லாயின் பகுதியில் திருநங்கையர் காவல்துறையினரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த நிகழ்வை இது சித்தரிக்கிறது. கொலெட் லெகிராண்ட், டோனா பெர்சோனா, மார்க் நாசர் ஆகிய மூவரும் இணைந்து எழுதிய இந்நாடகத்தை டெண்டர்லாயின் அருங்காட்சியகம் தயாரித்தது. இதற்குத் தனி மேடை கிடையாது. பார்வையாளர்கள் உணவக வாடிக்கையாளர்களாக மேசைகளில் அமர்ந்திருக்க, நாடகம் அவர்களைச் சுற்றி நடைபெறுகிறது.

இந்நாடகம் எடுத்துக்கொண்ட நிகழ்வு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரலாற்று நூல்களில் இடம்பெறாதிருந்தது. அது நடந்த நாள் இன்றும் அறியப்படவில்லை. எனவே இந்நாடகத்தைப் புரிந்துகொள்ள அதன் பின்னணியைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் முனையில், டெய்லர் தெரு 101 ஆம் எண் கட்டடத்தில், ஜீன் காம்ப்டன் என்பவரின் பெயரைத் தாங்கிய உணவகத் தொடரின் கிளை ஒன்று இயங்கிவந்தது. இரவு முழுவதும் திறந்திருந்தமையால் அப்பகுதித் திருநங்கையர் கூடும் இடமாக அது விளங்கியது. அவர்களுள் பலர் அருகிலிருந்த மலிவான விடுதிகளில் ஒற்றை அறைகளில் வாழ்ந்தவர்கள். வேலை கொடுப்பார் இன்மையால் பலருக்குப் பாலியல் தொழிலே பிழைப்பாக இருந்தது. ஒருபாலீர்ப்பினருக்கான மதுக்கூடங்களிலும் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. இரவு கழிந்த பின், தோழியர் அனைவரும் உயிரோடு திரும்பினரா என்று பார்த்துக்கொள்ளும் இடமாகவும் காம்ப்டன் உணவகம் இருந்தது.

ஒருவர் தம் பாலுக்குரியதல்லாத உடையைப் பொது இடத்தில் அணிவதைக் குற்றமாக்கும் நகரச் சட்டம் சான் பிரான்சிஸ்கோவில் 1863 முதல் நடைமுறையில் இருந்தது. இச்சட்டத்தைக் கொண்டும், நடைபாதையில் இடையூறு விளைவித்தல் போன்ற சில்லறைக் குற்றச்சாட்டுகளைக் கொண்டும் காவல்துறையினர் திருநங்கையரை அடிக்கடி கைது செய்துவந்தனர். சிறையில் ஆண்களோடு அடைக்கப்பட்டதையும், தலைமுடியை வெட்டிக்கொள்ளுமாறு வற்புறுத்தப்பட்டதையும் அக்காலத்தவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். இச்சட்டம் 1974 இல்தான் நீக்கப்பட்டது.

1966 ஆம் ஆண்டு வேறு சில மாற்றங்களையும் கண்டது. மருத்துவர் ஹாரி பெஞ்சமின் திருநர் மருத்துவம் குறித்து எழுதிய புகழ்பெற்ற நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. கோடைக் காலங்களில் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவம் பார்த்துவந்த அவரைப் பற்றி டெண்டர்லாயின் திருநங்கையர் முன்பே அறிந்திருந்தனர். கிளைட் நினைவு மெதடிஸ்ட் தேவாலயத்தின் ஆதரவுடன் வான்கார்ட் என்னும் இளைஞர் அமைப்பும் அப்பகுதியில் செயற்பட்டது. ஒரு குவளைக் காப்பியை வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் அமர்ந்திருந்தோர் மீது உணவக நிர்வாகத்திற்கு எரிச்சல் மிகுந்தது. அது காவலாட்களை நியமித்தது. கூடுதல் கட்டணமும் கேட்டது. இதனைக் கண்டித்து 1966 ஜூலை மாதத்தில் வான்கார்ட் அமைப்பினர் உணவகத்தின் முன் மறியல் செய்தனர்.

அடுத்த மாதம் ஓரிரவில் நிர்வாகம் காவல்துறையை அழைத்தது. உள்ளே வந்த காவலர் ஒருவர் திருநங்கை ஒருவரின் கையைப் பற்றியபோது, அவர் தம் குவளையிலிருந்த காப்பியைக் காவலரின் முகத்தில் வீசினார். தட்டுகளும் சர்க்கரைக் குப்பிகளும் பறந்தன. முன்புறக் கண்ணாடிச் சன்னல்கள் நொறுங்கின. காவலர்கள் வெளியே பின்வாங்க, சண்டை தெருவுக்குப் பரவியது. கைப்பைகளும் உயர்குதிக் காலணிகளும் ஆயுதங்களாயின. காவல் வண்டி ஒன்றின் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. தெருமுனைச் செய்தித்தாள் கடை ஒன்று தீக்கிரையானது. பின்னர் உணவகம் திருநங்கையரை உள்ளே விட மறுத்தது. அதனை எதிர்த்து மறியல் நடந்தபோது, புதிதாகப் பொருத்தப்பட்ட சன்னல்களும் உடைபட்டன.

நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலவரத்திற்கு (1969) மூன்று ஆண்டுகள் முன்னர் இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மறதியும் மீட்பும்

ஸ்டோன்வால் நிகழ்வு அக்காலச் செய்தித்தாள்களில் பதிவாகியது. காம்ப்டன் நிகழ்வைப் பற்றி அன்றைய நாளிதழ்களில் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. அக்காலக் காவல்துறைப் பதிவேடுகளும் எஞ்சவில்லை. அதனாலேயே ஆகஸ்ட் மாதத்தின் எந்த நாள் என்று கூற இயலவில்லை. முதலில் காப்பியை வீசியவரின் பெயரும் தெரியவில்லை.

1990களில் வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கர், சான் பிரான்சிஸ்கோவின் ஒருபாலீர்ப்பினர், திருநர் வரலாற்றுச் சங்கத்தின் ஆவணங்களை ஆராய்ந்தபோது, 1972 ஆம் ஆண்டுப் பெருமிதப் பேரணியின் நிகழ்ச்சி மலரில் ரேமண்ட் பிராஷியர்ஸ் எழுதியிருந்த ஒரு குறிப்பைக் கண்டார். கலவரத்தைப் பற்றிய எழுத்துச் சான்றாக அவருக்கு முதலில் கிடைத்தது அதுவே. அதனைத் துணையாகக் கொண்டு அவர் நேரில் கண்டவர்களையும் அப்பகுதியை அறிந்தவர்களையும் தேடினார். விக்டர் சில்வர்மனுடன் இணைந்து அவர் இயக்கிய "ஸ்கிரீமிங் குயின்ஸ்" என்னும் ஆவணப்படம் 2005 இல் வெளிவந்து வட்டார எம்மி விருது பெற்றது. டெண்டர்லாயினில் விடுதி நடத்திய அமாண்டா செயின்ட் ஜேம்ஸ், அப்பகுதியில் வாழ்ந்த தமாரா சிங், ஃபெலிசியா எலிசாண்டோ ஆகியோருடன், காவல்துறையின் சமூகத் தொடர்பு அலுவலராக இருந்து திருநங்கையருக்கு உதவிய எலியட் பிளாக்ஸ்டோனும் அதில் பேசுகின்றனர். இப்படம் இல்லையேல் நாடகமும் இல்லை எனலாம்.

உருவாக்கம்

டெண்டர்லாயின் அருங்காட்சியகம் 2015 இல் எடி தெருவில் திறக்கப்பட்டது. ஏழைகள் மிகுந்ததும் நகரத்தாரால் இகழ்ந்து பேசப்படுவதுமான ஒரு பகுதியின் வரலாற்றை அப்பகுதியிலேயே காட்சிப்படுத்துவது அதன் நோக்கம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு அதிகம் எஞ்சாத ஒரு நிகழ்வை மக்களுக்கு எடுத்துச் சொல்ல நாடகம் பொருத்தமான வழியாக அமைந்தது.

எழுதியோருள் இருவர் அப்பகுதியின் கலைஞர்கள். லெகிராண்டும் பெர்சோனாவும் அதே டர்க் தெருவிலிருந்த ஆன்ட் சார்லிஸ் என்னும் சிறிய மதுக்கூடத்தில் பெண் வேடக் கலைநிகழ்ச்சிகள் நடத்திவந்தவர்கள். அவர்களது மேடை வாழ்வை ஜேம்ஸ் ஹாஸ்கிங்கின் "பியூட்டிஃபுல் பை நைட்" என்னும் குறும்படம் (2014) பதிவு செய்துள்ளது. பெர்சோனா பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் குடும்பத்தில் சான் ஓசே நகரில் வளர்ந்தவர். இளமையில் பேருந்தேறி வந்து காம்ப்டன் உணவகத்தில் அமர்ந்து அங்கிருந்த பெண்களைக் கண்டவர். கலவர இரவில் அவர் அங்கில்லை. எனினும் அவ்விடத்தின் பேச்சும் உடையும் நகைச்சுவையும் அவர் நேரில் அறிந்தவை. தாம் மேடையேறத் தொடங்கியதோ ஏறத்தாழ அறுபது வயதில்தான். ஜே பெட்வானி இயக்கிய "டோனா" (2022) என்னும் ஆவணப்படம் அவரது வாழ்வையும் இந்நாடகப் பணியையும் கூறுகிறது.

மூன்றாமவரான மார்க் நாசர் நாடகத் தொழிலில் தேர்ந்தவர். பார்வையாளர்களைத் திருமண விருந்தினராக்கி விருந்தும் படைத்த "டோனி அண்ட் டினாஸ் வெட்டிங்" என்னும் புகழ்பெற்ற நாடகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். அந்த உத்தியே இங்கு உணவகத்திற்கு மாற்றப்பட்டது. இம்மாற்றம் பொருத்தமானது, ஏனெனில் காம்ப்டன் நிகழ்வின் மையத்தில் இருந்ததே, ஓர் உணவகத்தில் அமர்ந்திருக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்விதான்.

நிகழ்த்தும் முறை

முதல் நிகழ்வுகள் 2018 இன் தொடக்கத்தில் போல்க் தெருவில் இயங்கிவந்த நியூ வில்லேஜ் கஃபே என்னும் உணவகத்தில் நடைபெற்றன. நுழைவுச்சீட்டுடன் உணவும் அடங்கும். இரவு நேரத்தில் காலை உணவு பரிமாறுவது அமெரிக்க இரவு உணவகங்களின் வழக்கமாதலால், பார்வையாளருக்கும் அதுவே படைக்கப்பட்டது. நடிகர்கள் மேசைகளுக்கிடையே நடமாடி, அருகில் அமர்ந்து, அன்றைய இரவின் கதைகளைப் பேசுகின்றனர். வாடகைப் பாக்கி, காதல், கைது, ஒருவரையொருவர் கிண்டல் செய்தல் என்று நாடகத்தின் பெரும்பகுதி அன்றாட வாழ்விலேயே நிலைகொண்டுள்ளது. கலவரம் அதன் பின்னரே வருகிறது. அதற்குள் பார்வையாளர் அப்பெண்களைப் பெயர் சொல்லி அறிந்தவராகிவிடுகிறார். காவலர் உள்ளே நுழையும்போது அவரும் அதே அறையில் அகப்பட்டிருக்கிறார்.

திருநங்கைப் பாத்திரங்களை ஏற்க அச்சமூகத்தைச் சேர்ந்த கலைஞர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அமெரிக்கத் திரைப்படங்களில் இத்தகைய வேடங்கள் நெடுங்காலம் பிறருக்கே வழங்கப்பட்டமையைக் கருதும்போது இதன் முக்கியத்துவம் விளங்கும்.

தமிழில் இக்கட்டுரையில் "திருநங்கை" என்ற சொல் ஆளப்பட்டாலும், 1966 இல் காம்ப்டன் உணவகத்தில் அதற்கு இணையான பொதுச்சொல் வழக்கில் இல்லை. அவர்களுள் பலர் தம்மைக் "குயின்" (அரசி) என்றே அழைத்துக்கொண்டனர். இச்சொல் பெண் வேடமிடுவோரையும், பெண்ணாகவே வாழ்வோரையும், பெண் தன்மை மிக்க ஆண்களையும் ஒருங்கே குறித்தது. இன்றைய வகைப்பாடுகளை அக்காலத்தின் மீது ஏற்றிப் பார்ப்பது எளிது. அக்காலப் பேச்சில் ஊறியவர்கள் எழுதியமையால் நாடகம் அப்பிழையிலிருந்து பெருமளவு தப்புகிறது.

வரலாறும் கற்பனையும்

ஆவணங்கள் இல்லாத இடத்தை நாடகம் எவ்வாறு நிரப்பலாம் என்பது இதனைப் பற்றி எழக்கூடிய முதன்மையான வினா. காப்பியை வீசியவருக்கு நாடகத்தில் ஒரு முகமும் குரலும் தேவை. வரலாற்றில் அவருக்குப் பெயர்கூட இல்லை. ஆகவே நாடகத்தின் உரையாடல்களைச் சான்றாகக் கொள்ளலாகாது. மறுபுறம், இதன் ஆசிரியர்களுள் ஒருவர் அவ்வுணவகத்தில் அமர்ந்து பழகியவர் என்பதையும் மறுக்க முடியாது. எழுத்துப் பதிவு அற்ற மக்களிடையே நினைவே ஆவணமாக இருந்துள்ளது. அந்நினைவைத் தாங்கியவர்களும் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். காம்ப்டன் உணவகத்தின் வாடிக்கையாளராக இருந்தவரும், அதன் நினைவைக் காக்க அயராது உழைத்தவருமான ஃபெலிசியா எலிசாண்டோ 2021 இல் காலமானார்.

மீள்நிகழ்வு

சில ஆண்டுகள் இடைவெளிக்குப் பின்னர், 2025 ஏப்ரலில் நாடகம் மீண்டும் நிகழ்த்தப்பட்டது. இம்முறை லார்க்கின் தெருவில், டெண்டர்லாயின் பகுதிக்குள்ளேயே, 1960களின் உணவகம் போன்று அமைக்கப்பட்ட அரங்கம் அதற்குக் கிடைத்தது. எஸ்ரா ரீவ்ஸ் இயக்கினார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் சூழல் மாறியிருந்தது. 2017 இல் டெண்டர்லாயினின் ஒரு பகுதி திருநர் பண்பாட்டு வட்டாரமாக நகர அரசால் ஏற்கப்பட்டிருந்தது. 2025 ஜனவரியில் உணவகம் இருந்த கட்டடம் ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அடுத்த மாதமே, அதே பதிவேட்டைப் பேணும் தேசியப் பூங்காச் சேவை, ஸ்டோன்வால் தேசிய நினைவிடத்தைப் பற்றிய தன் இணையப் பக்கங்களிலிருந்து திருநரைக் குறிக்கும் சொற்களை நீக்கியது. இவ்விரண்டும் நடந்த சில வாரங்களிலேயே நாடகம் மீண்டும் தொடங்கியது.

கட்டடம்

காம்ப்டன் உணவகத்தின் இக்கிளை 1972 இல் மூடப்பட்டது. கலவரத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2006 இல் அம்முனையின் நடைபாதையில் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. நாடகம் உண்மையான இடத்தில் நிகழ்த்தப்படாமல் வேறு இடங்களில் நிகழ்த்தப்பட்டமைக்குக் கட்டடத்தின் பிற்காலப் பயன்பாட்டை நோக்கினால் காரணம் விளங்கும். சிறைத்தண்டனையின் இறுதிக் கட்டத்தில் உள்ளோரைத் தங்கவைக்கும் இல்லமாக அதனைத் தனியார் சிறை நிறுவனம் ஒன்று நடத்திவந்தது. காவல்துறைக்கு எதிரான கிளர்ச்சி நடந்த இடம் இவ்வாறு பயன்படுவதை எதிர்த்தும், கட்டடத்தை மீட்டுத் திருநர் சமூகத்திடம் ஒப்படைக்கக் கோரியும் உள்ளூர் அமைப்புகள் இயக்கம் நடத்தியுள்ளன.