கழற்றிச் செல்லப்பட்ட வெளிச்சம்

ரொறன்ரோவிலிருந்து தென்மேற்கே நான்கு மணி நேரம் காரில் போனால் வின்ட்சர் வரும். மாலையில் அதன் ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரையில் டெட்ரோயிட்டின் உயர்ந்த கட்டடங்கள் தண்ணீரில் மின்னும். கனடாவில் நின்றுகொண்டு அமெரிக்காவை வடக்கே பார்க்கும் விசித்திரமான இடம் அது. நம்மவர் பலரும் அங்கே நின்று படம் எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த மினுக்கத்துக்குப் பின்னால் அண்மைக்காலம் வரை மைல் கணக்கில் இருள் கிடந்தது. 2013 ஜூலையில் டெட்ரோயிட் நகரம் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தபோது, அதன் சுமார் 88,000 தெருவிளக்குகளில் 40 சதவீதம் எரியவில்லை.

ஒரு காலத்தில் தனக்கென நிலவையே செய்துகொண்ட நகரம் இது. 1880களில் டெட்ரோயிட் தெருவுக்குத் தெரு விளக்குக் கம்பம் நடுவதை விட்டு, 150 அடிக்கும் அதிகமான உயரத்தில் இரும்புக் கோபுரங்களை எழுப்பியது. அவற்றின் உச்சியில் கார்பன் வில் விளக்குகள் எரிந்தன. மொத்தம் 122 கோபுரங்கள். மக்கள் அவற்றை நிலவுக் கோபுரங்கள் என்றார்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் குடிசைக்கும் மாளிகைக்கும் ஒன்றுதான் என்ற எண்ணம் அதில் இருந்தது. நடைமுறை வேறாக இருந்தது. மரங்களும் கட்டடங்களும் கீழே கரிய நிழல்களை விழுத்தின. மூடுபனி இரவுகளில் வெளிச்சம் தரைக்கு வரவே இல்லை. பின்னர் கோபுரங்கள் கைவிடப்பட்டன. அதே வகைக் கோபுரங்கள் 31ஐ 1894இல் வாங்கிய டெக்சாஸ் மாநிலத்தின் ஓஸ்டின் நகரில் மட்டும் சில இன்றும் நிற்கின்றன.

டெட்ரோயிட் மேயர் ஹேசன் பிங்ரி அடுத்த அடியை எடுத்துவைத்தார். தெருவிளக்கைத் தனியார் கம்பனிகளின் ஒப்பந்தத்துக்கு விட்டுவைக்கக் கூடாது என்று வாதாடி, 1895இல் நகருக்கே சொந்தமான மின் நிலையத்தை இயங்கவைத்தார். தெருவில் வெளிச்சம் தருவது நகராட்சியின் கடமை என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது அப்போதுதான்.

அந்தக் கடமை சரிந்த கதையைப் பார்க்க டெட்ரோயிட்டுக்குள்ளேயே தீவுபோல் கிடக்கும் ஹைலண்ட் பார்க் என்ற சிறு நகருக்குப் போக வேண்டும். ஹென்றி ஃபோர்ட் 1913இல் நகரும் பொருத்துத் தொடரைத் தொடங்கியது இங்குள்ள தொழிற்சாலையில்தான். மறு ஆண்டு, நாளுக்கு 5 டொலர் கூலி என்று அவர் அறிவித்ததும் இங்கேதான். 1930இல் 52,000க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த இவ்வூரில் 2010இல் மிஞ்சியவர்கள் 12,000க்கும் குறைவு. பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஃபோர்ட் போனது, பின்னர் கிரைஸ்லரின் தலைமையகமும் போனது. வரி வருமானம் வற்றியது, மின்கட்டணப் பாக்கி ஏறியது. 2011இல் பாக்கி சுமார் 40 இலட்சம் டொலராக நின்றபோது, கடனைக் கழிப்பதற்கான உடன்பாட்டின்படி மின் நிறுவனமான டி.டி.ஈ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளைக் கம்பத்தோடு கழற்றி எடுத்துச் சென்றது. சந்திகளில் மட்டும் சில விளக்குகள் மிஞ்சின. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் குளிர்கால விடியலில் இருட்டுக்குள் நடந்தார்கள்.

விளக்கை அணைப்பது வேறு, கம்பத்தைப் பிடுங்குவது வேறு. அணைந்த விளக்கு மீண்டும் எரியலாம் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். பிடுங்கிய இடத்தில் அதுவும் இல்லை.

டெட்ரோயிட்டிலும் இத்தகைய பிரிப்பு யோசனை எழுந்தது. 2012இல் முன்வைக்கப்பட்ட திட்டம், விளக்குகளின் எண்ணிக்கையைச் சுமார் 46,000ஆகக் குறைத்து, ஆட்கள் நெருங்கி வாழும் பகுதிகளுக்கே முன்னுரிமை தரப் பார்த்தது. பாதி வெறிச்சோடிய தெருவில் விடாப்பிடியாக வாழும் மூதாட்டிக்கு அதன் பொருள் ஒன்றுதான்: நீயும் போய்விடு.

பின்னர் அமைந்த பொது விளக்கு ஆணையம் வேறு வழியில் போனது. 18.5 கோடி டொலர் கடன் பத்திரங்கள் மூலம் திரட்டப்பட்டது. 2014 தொடக்கத்திலிருந்து 2016 டிசம்பருக்குள் சுமார் 65,000 எல்ஈடி விளக்குகள் எரிந்தன. பழைய எண்ணிக்கையைவிடக் குறைவுதான், ஆனால் கணக்கு தெளிவாக இருந்தது: ஒவ்வொரு சந்திக்கும் ஒன்று, தெருத்துண்டு 300 அடிக்கு மேல் நீண்டால் நடுவிலும் ஒன்று. பழைய தொடர்ச்சுற்றில் ஒரு விளக்கு பழுதானால் வரிசையே இருண்டது. புதியதில் அந்தச் சிக்கல் இல்லை. செப்புக் கம்பித் திருடர்களை ஏமாற்ற அலுமினியக் கம்பி போட்டார்கள். 2019இல் இவற்றில் ஒரு பகுதி ஆயுள் முடியுமுன்பே மங்கத் தொடங்கியதால் மாற்ற வேண்டி வந்தது. வெளிச்சத்துக்குத் திறப்பு விழா மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும் என்று நகரம் இரண்டாம் முறை கற்றுக்கொண்டது.

ஆனால் வெளிச்சம் எப்போதும் நன்மை மட்டும் அல்ல. 1713இல் நியூயோர்க் நகரம் ஒரு சட்டம் இயற்றியது. 14 வயதைத் தாண்டிய கறுப்பின, பூர்வகுடி அடிமைகள் இருட்டிய பின் தனியே வெளியே வந்தால் கையில் விளக்கு ஏந்த வேண்டும். அவர்கள் வழி பார்ப்பதற்காக அல்ல, மற்றவர்கள் அவர்களைப் பார்ப்பதற்காக. அறிஞர் சிமோன் பிரவுன் 2015இல் வெளியான தமது நூலில், இன்றைய கண்காணிப்பின் வேரை இந்தச் சட்டத்தில் காண்கிறார்.

300 ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே நியூயோர்க் தன் பொதுக் குடியிருப்புகளில் சுமார் 40ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்து, கூடுதல் விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தது. இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் அங்கே சுமார் 36 சதவீதம் குறைந்தன என்று ஆய்வு சொன்னது. இந்தப் பயனை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் டீசல் இயந்திரம் இரைய, சன்னல் வழியே வெள்ளொளி அறைக்குள் பாய, சிறைமுற்றம்போல் இருக்கிறது என்று குடியிருப்பவர்கள் முறையிட்டதையும் ஒதுக்க முடியாது.

விளக்கமைப்பு ஒரு கலை என்பது இங்கேதான் புரிகிறது. பிரகாசம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது பாதி உண்மை. கண் கூசும் விளக்குக்குப் பக்கத்து நிழல் இன்னும் கறுக்கும். எதிரே வருபவரின் முகம் தெரிய வேண்டும், தூங்கும் பிள்ளையின் கண்ணில் ஒளி அடிக்கக் கூடாது. இவை இரண்டையும் சேர்த்து யோசிக்க, அந்தத் தெருவில் வாழ்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஹைலண்ட் பார்க் மக்கள் யாரும் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. 2012இல் சோலார்டாரிட்டி என்ற அமைப்பைத் தொடங்கி, தாங்களே பணம் சேர்த்து, விக்டர் தெருவில் சூரிய ஒளியில் எரியும் விளக்கொன்றை நட்டார்கள். அதற்கு மின்கம்பியும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. பிறகு அவலோன் தெருவிலும் அத்தகைய விளக்குகள் வந்தன. ஊர் முழுவதையும் ஒளியேற்ற அவை போதாது. ஆனால் கட்டணம் கட்டவில்லை என்று இன்னொரு முறை லொறியில் ஏற்றிப் போக முடியாத விளக்குகள் அவை. ஆயிரம் விளக்குகள் பறிபோன ஊருக்கு அது சிறிய விஷயம் அல்ல.

வின்ட்சர் கரையில் அடுத்த முறை நிற்கும்போது மினுங்கும் கோபுரங்களுக்கு அப்பாலும் கொஞ்சம் பாருங்கள். அந்தச் சிறு விளக்குகள் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அவை தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிகின்றன.