நிலத்தின் தடையும் ஆளின் தடையும்: அந்தமான் தளர்வாணையின் வம்சாவளி நிபந்தனையும் பன்னாட்டு மாநாட்டு இடத்தேர்வும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ முப்பதை வெளிநாட்டினருக்கான கட்டுப்பாட்டுப் பகுதி அனுமதி முறையிலிருந்து விலக்கி 2018இல் இந்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த தளர்வாணையை ஒரு திறப்பு என்றே பலரும் வாசித்து வருகின்றனர். பன்னாட்டுத் தொழில்முறை மாநாட்டுக்கு உரிய இடமாக இத்தீவுகளை முன்மொழிவோருக்கு இவ்வாசிப்பே அடித்தளம். அது பாதி சரி. தளர்வாணை நிலத்தின்மேல் இருந்த தடையைப் பெருமளவு நீக்கியது. அதே வாசகத்தில் சில ஆட்களின்மேல், அதிலும் அவர்களுடைய பிறப்பின்மேல், ஒரு தடையைத் தக்கவைத்தது. மாநாட்டு இடத்தேர்வில் எவரையும் விலக்காமை ஓர் அளவுகோல் என்றால், முதலில் எடைபோட வேண்டியது இந்த இரண்டாவது தடையை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எதிர்த்தரப்பு வாசிப்பு எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. தலைநகரங்களிலேயே கூடிக் கலையும் மாநாடுகள் விளிம்பில் வாழ்வோரை எப்போதும் பயணம் செய்பவர்களாகவே வைத்திருக்கின்றன; மாநாட்டை விளிம்புக்குக் கொண்டுபோவதே உள்ளடக்கம் என்று அத்தரப்பு சொல்கிறது. இதில் நியாயம் உண்டு. போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) பணிபுரியும் ஒரு மருத்துவரோ மீன்வள அறிஞரோ சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ பறந்தால்தான் தம் துறையினரைச் சந்திக்க முடிகிறது. 2023 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது; 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் வந்திறங்கியது. வசதி பற்றிய பழைய தயக்கங்களுக்கு இவை ஓரளவு விடை சொல்கின்றன. ஆனால் இத்தரப்பு எழுத்துகளில் உள்ளடக்கம் என்பது சாய்தளம், பயணச்செலவு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. யார் விமானத்தில் ஏறலாம் என்பது அரசின் காரியம் என்று ஒதுக்கப்படுகிறது. ஆணையின் நிபந்தனைகளைப் படித்தால் அப்படி ஒதுக்க முடியாது.

நிபந்தனைகள் நான்கு. வந்திறங்கும் வெளிநாட்டினர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலரிடம் பதிந்துகொள்ள வேண்டும். காப்புக்காடு, வனவிலங்குச் சரணாலயம், பழங்குடிக் காப்பிடம் ஆகியவற்றுக்கு உரிய அதிகாரியின் தனி ஒப்புதல் வேண்டும். மியான்மர் குடிமக்கள் மாயாபந்தர், டிக்ளிபூர் பகுதிகளுக்குச் செல்ல உள்துறையின் முன் ஒப்புதல் வேண்டும். ஆப்கானிஸ்தான், சீனா, பாகிஸ்தான் குடிமக்களுக்கும், இந்நாடுகளை வம்சாவளியாகக் கொண்ட பிற வெளிநாட்டினருக்கும் அனுமதி முறை முன்போலவே தொடரும். முதல் இரண்டும் எல்லார்க்கும் பொது. மூன்றாவது கடவுச்சீட்டைப் பார்க்கிறது. நான்காவதன் பின்பகுதியோ கடவுச்சீட்டையும் தாண்டி, அதை வைத்திருப்பவரின் குடும்பத்தைப் பார்க்கிறது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

வம்சாவளி எத்தனை தலைமுறை வரை? ஆணை சொல்லவில்லை. பாகிஸ்தானைப் பொறுத்தவரை இந்திய விசா நடைமுறையில் விடை தேடலாம்: விண்ணப்பப் படிவம் தாய்தந்தையரும் இருவழித் தாத்தா பாட்டியரும் பாகிஸ்தான் குடிமக்களாகவோ பாகிஸ்தான் வசமுள்ள பகுதியைச் சேர்ந்தவர்களாகவோ இருந்தனரா என்று கேட்கிறது. ஆக, இரண்டு தலைமுறை. ஆனால் இந்த அளவை வரலாற்றோடு பொருத்தும்போது தடுமாற்றம் வருகிறது. 1947க்கு முன் லாகூரில் பிறந்து, பிரிவினையில் தில்லிக்கு வந்து, பின்னர் லண்டனில் குடியேறிய ஒருவரின் பேத்தி எந்தக் கணக்கில் வருவார்? அந்தத் தாத்தா ஒருநாளும் பாகிஸ்தான் குடிமகனாக இருந்ததில்லை. பிறந்த ஊர் மட்டும் இன்று அந்நாட்டில் இருக்கிறது. குடியுரிமையை வைத்துப் பார்த்தால் பேத்திக்குத் தடையில்லை. பிறந்த ஊரை வைத்துப் பார்த்தால் உண்டு. இரண்டு வாசிப்புக்கும் ஆணையின் சொற்கள் இடம் தருகின்றன.

சீனாவைப் பொறுத்தவரை இந்த அரைகுறை விடையும் இல்லை. விசாப் படிவத்தில் சீனத் தாத்தா பாட்டியர் பற்றிய அத்தகைய தனிக்கேள்வி கிடையாது. அப்படியானால் தளர்வாணையிலுள்ள வம்சாவளி என்னும் சொல்லை எதைக்கொண்டு அளப்பது? சொல்லளவில் எடுத்தால், புஜியான் மாகாணத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவரின் கொள்ளுப்பேரன், இன்று மலேசியக் கடவுச்சீட்டோடு அறுவை மருத்துவராக இருப்பவர், சீன வம்சாவளியினரே. மலேசியாவில் ஐந்தில் ஒருவருக்கு மேலும், சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் மூவரும் இவ்வகையினர். கோலாலம்பூர் விமானத்தை அந்தமானின் மாநாட்டு எதிர்காலத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் இதை எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வரும் இரண்டு மலேசிய மருத்துவர்களில், தமிழர் நேரே வெளியே போகலாம். சீனர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே பல்கலைக்கழகம், ஒரே தொழில், ஒரே மாநாடு. ஆணையின் சொற்களை உள்ளபடி எடுத்துக்கொண்டால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

இத்தனை விரிவான பொருளை எந்த அதிகாரியும் கொள்ளமாட்டார், முன்னாள் சீனக் குடிமக்களையே ஆணை குறிக்கிறது என்று விடை கூறலாம். இருக்கலாம், குறுகிய வாசிப்பே சரியானது என்று நானும் கருத விரும்புகிறேன். ஆனால் வாசகத்தை உருவாக்கியவர்கள் அதைத்தான் நினைத்தார்கள் என்றால், முன்னாள் குடிமக்கள் என்று எழுதுவது எளிது. அப்படி எழுதவில்லை. எனவே குறுகிய வாசிப்பு சட்டத்தின் உறுதியன்று, குடிவரவு மேசையில் இருப்பவரின் பெருந்தன்மை. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வாக்களித்து இடம் முடிவு செய்யும் ஒரு சங்கம், அந்தப் பெருந்தன்மையை நம்பித் தன் உறுப்பினர்களிடம் வாக்குறுதி அளிக்க முடியுமா?

வம்சாவளி வகைப்பாடு வெறும் தாளில் கிடப்பது என்று நினைப்பவர்கள் அதே 2018இல் தில்லியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஆசிய ஆய்வுகளுக்கான அமெரிக்கச் சங்கம் அசோகா பல்கலைக்கழகத்தோடு இணைந்து ஜூலை 5 முதல் 8 வரை இந்தியா ஹாபிடட் சென்டரில் தன் ஆசிய மாநாட்டை நடத்தியது. பாகிஸ்தானியர் பங்கேற்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளியுறவு அமைச்சகம் பிப்ரவரியிலேயே எழுதிவிட்டது. அத்தடை வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற பாகிஸ்தான் வம்சாவளியினரையும் எட்டியது. செய்தி பரவியபோது அறிஞர் பலர் புறக்கணிப்பு அறைகூவல் விடுத்தனர், மாநாடு நடந்தேறியது. தில்லி கட்டுப்பாட்டுப் பகுதியே அன்று என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டியது. நிலம் முழுக்கத் திறந்திருந்தது, ஆட்கள் மட்டும் தடுக்கப்பட்டனர். தமிழாய்வுலகத்துக்கு இது புதிதுமன்று. 1995இல் தஞ்சாவூரில் கூடிய எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். தமிழ் படித்தவர்கள் கூடும் இடத்திலிருந்து தமிழறிஞர்களே வெளியேற்றப்பட்ட அந்த வடு இன்னும் ஆறவில்லை. தஞ்சாவூர் செல்லவும் எந்தப் பகுதி அனுமதியும் தேவையில்லை.

நிலத்தின் தடை, ஆளின் தடை என்ற பாகுபாட்டை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டுப்பாடு அனைத்தும் விலக்கலே என்று ஒரே மூச்சில் பேசுவோர், 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுகின்றனர். அது பெரும்பிழை. நிக்கோபார் தீவுக்கூட்டத்துக்குச் செல்லத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்கும் அனுமதி வேண்டும், அமெரிக்கருக்கும் வேண்டும். அத்தடை வருபவர் யார் என்று பார்ப்பதில்லை, அங்கு இருப்பவர் யார் என்று பார்க்கிறது. கச்சால் தீவை எடுத்துக்கொள்வோம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கு ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தளர்வுப் பட்டியலில் கச்சாலின் பெயர் இருந்தும், பழங்குடிக் காப்பிடம் பற்றிய இரண்டாம் நிபந்தனை அதை மீண்டும் மூடுகிறது. தோட்டத் தொழிலாளர் வரலாறு பற்றிய மாநாட்டுக்குக் கச்சால் செல்ல விரும்பும் கண்டி ஆய்வாளருக்கு இது ஏமாற்றமே. ஆனாலும் அந்த ஏமாற்றம் மதுரை ஆய்வாளருக்கும் சமம். நிக்கோபாரியரின் நிலம் அவர்களுடையது என்பதிலிருந்து அது பிறக்கிறது. மாறாக, அதே பட்டியலில் வடக்கு சென்டினல் தீவும் இடம்பெற்றது. 2018 நவம்பரில் அமெரிக்க மதப்பணியாளர் ஒருவர் அங்கு சென்று உயிரிழந்தபின் அச்சேர்க்கை கடுமையாக விமர்சிக்கப்பட்டது. காக்க வேண்டிய நிலத்தைத் தளர்த்திய ஆணை, தளர்த்தியிருக்க வேண்டிய ஆளைத் தளர்த்தவில்லை. முன்னுரிமை தலைகீழாக இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மறுப்புகளில் கனமானது ஒன்று. 2018க்கு முன்பும் ஆப்கானிஸ்தான், சீனா, பாகிஸ்தான் நாட்டினருக்கு உள்துறையின் முன் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஆகவே தளர்வாணை எவருக்கும் புதிய தீங்கு செய்யவில்லை. வரலாற்றளவில் ஏற்கத்தக்க கூற்று. ஆயினும் முன்பு எல்லா வெளிநாட்டினர் கையிலும் ஒரே சீட்டு இருந்தது. அதைப் பெறும் வழிதான் சிலருக்கு நீண்டது. மற்றவர்களுக்குச் சீட்டே வேண்டாம் என்றான பிறகு, சீட்டு வைத்திருப்பதே ஓர் அடையாளமாகிவிடுகிறது. மாநாட்டு அரங்கில் இதன் பொருள் சுற்றுலாவில் உள்ளதைவிட ஆழமானது. அங்கு வருபவர்கள் ஒருவருக்கொருவர் சமமான உறுப்பினர்கள் என்ற ஏற்பின் பேரில் வருகிறார்கள்.

மற்றவை சிறியவை. 2022 நவம்பரில் ஜி20 நாடுகளின் தூதர்களை அந்தமானின் சுவராஜ் தீவில் கூட்டி விளக்கக் கூட்டம் நடத்த முடிந்ததே என்பர். அரசே அழைத்த விருந்தினர், உறுப்பினர் சங்கத்துக்கு முன்மாதிரி ஆகமாட்டார்கள். வர முடியாதவர்கள் இணையவழியில் சேரட்டும் என்பர். 2021 ஜனவரியில் இணையவழிப் பன்னாட்டு மாநாடுகளுக்கும் முன் அனுமதி கோரும் வழிகாட்டுதல் வந்து, அறிவியல் கழகங்கள் எதிர்த்தபின் பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. திரையும் எப்போதும் திறந்த வாசல் என்று கருதுவதற்கில்லை.

காலமும் ஒரு காரணி. தளர்வு 2022 டிசம்பர் 31 வரை என்றே வரம்பிட்டு வந்தது. இத்தகைய தளர்வுகளின் ஆயுளை அறிய வடகிழக்கு உதவும்: மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து மாநிலங்களில் 2011 முதல் நீட்டிக்கப்பட்டு வந்த தளர்வு 2024 டிசம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டு, பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி மீண்டும் வந்தது. இடையில் அங்கே மாநாடு அறிவித்திருந்த சங்கம் என்ன செய்திருக்கும்?

மூன்றாம் நிபந்தனைக்கு வருகிறேன். மாயாபந்தரை ஒட்டிய வெபி கிராமத்தில் 1925 முதல் கரேன் மக்கள் வாழ்கின்றனர், பர்மாவிலிருந்து வந்தவர்கள். விளிம்பில் மாநாடு என்ற கருத்து அந்தமானில் எங்காவது முழுப்பொருள் பெறுமானால் அது அங்குதான். இடப்பெயர்வு, காட்டுத்தொழில், வங்கக்கடல் மொழிகள் என எதைப் பேசினாலும் கரேன் அறிஞர் இருபுறமிருந்தும் வந்து உட்கார வேண்டும். ஆணையோ, மியான்மர்க் குடிமகனுக்கு முன் ஒப்புதல் தேவைப்படும் இரண்டு இடங்களில் ஒன்றாக மாயாபந்தரையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. எல்லைக் காரணங்கள் இருக்கலாம். அவற்றை மதிப்பிடுவது என் துறையன்று. விளிம்புக்குப் போவதே உள்ளடக்கம் என்ற வாதம், அந்த விளிம்பின் உறவினர்களே அழைப்பில்லாமல் நிற்கும் இடத்தில் எப்படி நிற்கும் என்பதற்கு அவ்வாதத்தை முன்வைத்தவர்கள்தான் விடை சொல்ல வேண்டும்.

ஆகவே அந்தமானை விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. இட முன்மொழிவோடு, வம்சாவளி என்பது எத்தனை தலைமுறை, குடியுரிமையா பிறப்பிடமா, மாநாட்டு விசா பெற்றவருக்கும் அது பொருந்துமா என்ற மூன்று கேள்விகளுக்கும் உள்துறையின் எழுத்துவடிவ விடை இணைக்கப்பட வேண்டும். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்துவிட்டதால், விதிகளைத் தெளிவாக எழுதிக் கேட்பதற்கு இது உகந்த நேரமுமாகும். விடை வாக்கெடுப்புக்கு முன் வர வேண்டும். வராவிட்டால் அம்முன்மொழிவை உறுப்பினர் முன் வைக்கவே கூடாது. பதிவுக் கட்டணம் செலுத்திய பின் ஒரு சீன மலேசியரோ லாகூர்ப் பேத்தியோ தம் விடையைத் தாமே கண்டுபிடிக்கும்படி விடுவதற்கு எந்தச் சங்கத்துக்கும் உரிமையில்லை.