தூங்குமூஞ்சி மரம்

தூங்குமூஞ்சி மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வாகையும் உசிலும் இதன் நெருங்கிய உறவுகள். தாவரவியல் பெயர் சமானியா சமான். 25 மீட்டர் வரை உயர்ந்து, உயரத்தைவிடப் பரந்த கிளைவிரிப்போடு குடையாக நிற்கும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நிழலுக்காகச் சாலையோரங்களிலும் பள்ளி, அலுவலக வளாகங்களிலும் வளர்க்கப்படுகிறது. ஆயினும் இது இம்மண்ணில் தோன்றியதன்று. நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியுமே இதன் தாயகம்.

1800இல் ஜாக்கின் என்ற தாவரவியலார் இதை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார். அதே ஆண்டில் வெனிசுவேலாவில் பயணம் செய்த அலெக்சாண்டர் ஹம்போல்ட், குவேரே என்னுமிடத்தில் இருந்த பெருமரத்தைக் கண்டு வியந்து, அதன் கிளைவிரிப்பின் சுற்றளவு 576 அடி என்று எழுதினார். இந்த நிழலே மரத்தை உலகம் சுற்ற வைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் இலங்கையிலும் இந்தியாவிலும் இதை நட்டனர். 1876இல் சிங்கப்பூரை அடைந்தது. புளி, ஆல், வேம்பு என்று இருந்த நம் சாலை மரங்களின் வரிசையில் இதுவும் சேர்ந்தது. விரைவாக வளர்வதும் ஆடுமாடு தின்னும் இனிப்பான காய்களும் மக்களிடையே இதற்கு இடம் தேடித் தந்தன.

மாலையில் இலைகள் கூம்பும். வானம் இருண்டாலும் கூம்பும். சிற்றிலைகளின் அடியிலுள்ள சிறு புடைப்பின் ஒருபுறச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, நீரும் உடன் வெளியேறுவதால் அப்பக்கம் தளர்கிறது. எதிர்ப்பக்கம் விறைத்து இலையை மடக்குகிறது. முழு இருட்டில் வைத்தாலும் இந்த இயக்கம் சில நாள்கள் ஏறத்தாழ 24 மணி நேர ஒழுங்கில் தொடரும். அதனால் உயிரினங்களின் அகக் கடிகாரத்தை ஆராய 1970களில் ரூத் சாட்டர் போன்ற அறிவியலார் இம்மரத்தையும் தேர்ந்தனர். கூம்பிய இலைகளின் இடைவெளி வழியே மழைநீர் தரையை எட்டுவதால் மரத்தடிப் புல்லும் பசுமையாக இருக்கும்.

இளஞ்சிவப்பும் வெண்மையுமான பட்டிழைகளைப் போன்ற பூக்கள் தூங்குமூஞ்சிக்கும் அதன் உறவு மரங்கள் பலவற்றுக்கும் பொது. மேற்கு ஆசியாவிலிருந்து ஜப்பான் வரை இயற்கையாக வளரும் பட்டு மரம் அத்தகைய பூவுக்காகவே 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சென்றது. அதைக் கொண்டுவந்த இத்தாலியப் பிரபு அல்பிசியின் பெயரே வாகைப் பேரினத்துக்கு அல்பிசியா என வழங்குகிறது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இன்று பட்டு மரம் களையாகப் பரவியுள்ளது. நம் வாகையும் இதேபோல் கடல் கடந்தது. சங்க காலத்தில் வெற்றிக்கு அடையாளமாகச் சூடப்பட்ட பூவைத் தரும் இம்மரம், கரீபியத் தீவுகளிலும் புளோரிடாவிலும் அழகு மரமாக நடப்பட்டுப் பின் தானே பரவியது. தூங்குமூஞ்சியும் சில பசிபிக் தீவுகளில் தானாகப் பரவும் மரமே. ஆனால் தமிழ்நாட்டின் வறண்ட நிலத்தில் அது சீமைக் கருவேலத்தைப் போல் பரவவில்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வறண்ட காடுகளுக்கு உரியது மற்றோர் உறவு மரமான உசில். இதன் இலையை நிழலில் உலர்த்தி இடித்த அரப்புத் தூள் எண்ணெய்க் குளியலுக்கு உதவும். தழை வயலுக்கு உரமாகும். மெல்ல வளர்ந்தாலும் வறட்சியைத் தாங்கும். தூங்குமூஞ்சியோ நீர் கிடைக்கும் ஏரிக்கரையிலும் வளாகங்களிலும்தான் முழு உருவம் பெறுகிறது. முதிர்ந்தால் கனத்த கிளைகள் காற்றில் முறிந்து விழும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே நான்குவழியாக்கப்பட்டபோது பழைய சாலையோர மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. அந்த இடங்களை நிரப்ப உசிலும் வாகையுமே இந்நிலத்துக்குப் பொருந்தும். அகன்ற வெளியும் ஈரமும் உள்ள இடங்களில் மட்டும் தூங்குமூஞ்சியை நடலாம். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் நாட்டு மரங்களை நடுவதை வலியுறுத்துகிறது.