காசம் விட்டுப்போன குழி



நம் புதுவையில் பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் 1964-இல் ஜிப்மர் ஆனது. அது தொடங்கியபோது காசநோய்க் கிருமியை யாரும் கண்டதில்லை. 1882-இல்தான் ராபர்ட் காக் கண்டுபிடித்தார். ஆனால் 1842-இலேயே எடின்பரோவில் பென்னட் என்ற மருத்துவர், காசநோயாளி ஒருவரின் நுரையீரலில் பூஞ்சை வளர்ந்திருந்ததை எழுதிவைத்துவிட்டார்.

இவ்வகைப் பூஞ்சையில் முக்கியமானது ஆஸ்பெர்ஜில்லஸ். மாதா கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளிக்கும் கருவி போலிருந்ததால், தாவர ஆராய்ச்சியாளரான பாதிரியார் மிக்கேலி 1729-இல் வைத்த பெயர் அது.

காசம் குணமானாலும் நுரையீரலில் குழி தங்கிவிடுவதுண்டு. பூஞ்சை அங்கே குடியேறும். அப்படிக் குழி இருந்த 544 பேரைப் பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். நூற்றுக்குப் 11 பேரிடம் பூஞ்சை உருண்டை இருந்ததாக 1968-இல் தெரிவித்தார்கள்.

ஆகவே இருமலும் ரத்தமும் மறுபடி வந்தால், 'டிபி திரும்பிவிட்டது' என்று நாமே முடிவுகட்டக் கூடாது. சளியில் கிருமி, பூஞ்சை இரண்டையும் தேட வேண்டும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். இரண்டும் சேர்ந்திருந்தால் வைத்தியம் கடினம். டிபிக்கான ரிஃபாம்பிசின், பூஞ்சைக்கான இட்ராகோனசோலை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும்.

பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீர்கள். பழைய எக்ஸ்ரேயோடு மருத்துவரிடம் போங்கள். டிபி வந்து குணமான பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.