கூரையில் செருகிய நெருப்பு

அம்பாங்கான் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அரணிக்கட்டை என்றாலே யாகம்தான் ஞாபகத்துக்கு வரும். 1975-இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நடந்த அதிராத்திரத்திலும் அரணி கடைந்துதான் தீ எடுத்தார்கள். தண்டில் கயிற்றைச் சுற்றி மாறிமாறி இழுக்க, உரசலில் உதிரும் மரத்தூள் சூடேறிக் கங்காகும். கயிற்றுக்குப் பதில் வில்லின் நாணைச் சுற்றினால் ஒரே ஆள் போதும்.

ஆனா, சங்கப்பாடல்களில் இந்தக் கோல் இருக்கிற இடமே வேற. அதன் பெயர் ஞெலிகோல். புறநானூறு 315-இல் ஔவையார் அதியமானை வீட்டுக்கூரையில் செருகிய ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். இருப்பதே தெரியாது, வேண்டியபோது தீயாய் வெளிப்படும். அரசனுக்கு உவமை, ஏழை எளியவர் வீட்டிலும் கிடக்கிற ஒரு குச்சி! பெரும்பாணாற்றுப்படையிலோ அது மாடு மேய்ப்பவன் கையில். தான் கடைந்த தீயாலேயே மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான்.

நம் தீபகற்பத்துக் காடுகளில் செமாங் மக்களும் கட்டையில் பிரம்பை இழுத்துத் தேய்த்து இப்படித்தான் தீ மூட்டினார்கள். அதற்கு மந்திரம் தேவைப்படவில்லை.

வேள்விக்குப் போன கோலுக்குச் சடங்கு காவல் இருந்தது. கூரையில் இருந்த கோலுக்குத் தீப்பெட்டி வந்ததும் வேலை போச்சு. கூடவே பெயரும் போச்சு. அரணியைத் தெரிந்த நமக்கு ஞெலிகோலைத் தெரியாமல் போனது அப்படித்தான்.