கறுவா இல்லாத கறுவாத்தோட்டம்

கொழும்பு மாநகருக்குப் புதிதாக வரும் ஒருவர், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கி ஊர் பார்க்கப் புறப்பட்டால், வீட்டார் அவரைத் தவறாது அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று கறுவாத்தோட்டம். நூதனசாலையைக் காட்டுவர், நகரமண்டபத்தின் வெண்ணிறக் குவிமாடத்தைக் காட்டுவர், விகாரமகாதேவிப் பூங்காவில் சிறிது இளைப்பாறச் செய்வர். நிழல் மரங்கள் இருமருங்கும் கவிந்த தெருக்களும், உயர்ந்த மதில்களும், மதில்களுக்கு அப்பால் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் நிற்கும் மாளிகைகளும் வந்தவரின் உள்ளத்தைக் கவரும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இங்கே கறுவா மரம் எங்கே?" என்று அவர் கேட்பாராயின், அழைத்துச் சென்றவர் மறுமொழி கூறத் தயங்குவார். அந்த எளிய வினாவினுள் கொழும்பின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

கறுவா இலங்கைக் காடுகளில் தானாக வளர்ந்த மரம். 1505 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயரையும், 1656 இல் அவர்களிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரையும் இங்கே நிலைகொள்ளச் செய்தவற்றுள் இம்மரத்தின் பட்டைக்குத் தலையாய இடமுண்டு. ஆயினும் நெடுங்காலம் அதனை எவரும் நட்டு வளர்க்கவில்லை. நட்டு வளர்த்தால் மணங்குன்றும் என்பது அந்நாளைய நம்பிக்கை. காட்டிலே புகுந்து உரித்து வருவதே வழக்கம். கறுவாக் காடுகளுட் பல கண்டி மன்னனின் ஆட்சியில் இருந்தமையால், மன்னனுடன் பகை மூண்டபோதெல்லாம் ஒல்லாந்தரின் வணிகம் தடுமாறியது. 1761 இல் தொடங்கி 1766 வரை நீடித்த போர் இந்த இடரை நன்கு உணர்த்திற்று. அதன் பின்னரே தேசாதிபதி பல்க் என்பவர், 1769 இல், கொழும்புக் கோட்டைக்கு அண்மையில் மருதானையின் மணற்பாங்கான நிலத்தில் கறுவாவைப் பயிரிடத் தொடங்கினார். வெண்மணல் நிலம் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. முயற்சி பலித்தது, தோட்டம் விரிந்தது. இன்று கொழும்பு ஏழு என வழங்கும் பகுதி அந்த விரிவினுள் அடங்கியதே.

தோட்டத்தை எண்ணும்போது அதில் உழைத்தவரையும் எண்ணுதல் வேண்டும். கறுவா உரிப்பது எளிய தொழிலன்று. இளங்கிளைகளைப் பருவமறிந்து வெட்டி, மேற்றோலைச் சுரண்டி நீக்கி, பித்தளைக் கோலால் தேய்த்து உட்பட்டையை நெகிழச் செய்து, கிழியாமல் நீளமாக உரித்தெடுத்து, ஒன்றினுள் ஒன்றாகச் செருகி உலர்த்த வேண்டும். இத்தொழில் சலாகம குலத்தாரின் கட்டாய ஊழியமாக இருந்தது. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து குடியேறிய நெசவாளரின் வழியினர் இவர் என்பது மரபு. இவர்களின் பெயர்கள் தோம்பிற் பதியப்பட்டன; ஆண்டுதோறும் இன்னார் இவ்வளவு பட்டை கொடுக்க வேண்டும் என்று அளவு வகுக்கப்பட்டது. கறுவா மரத்துக்குத் தீங்கு செய்தவர்க்கும், களவாகப் பட்டை விற்றவர்க்கும் மரணதண்டனை வரையில் விதிக்க ஒல்லாந்தர் சட்டம் இடங்கொடுத்தது. ஒரு மரத்தின் கிளை மனித உயிரினும் விலைமதிப்புடையதாய் இருந்த காலம் அது.

1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. தோட்டமும் அதன் தனியுரிமையும் அவர்கள் கைக்கு மாறின. கப்பலேறி வந்த ஐரோப்பியப் பயணிகள் கறுவாத்தோட்டத்தைக் காண்பதைக் கடமையாகக் கருதினர். இலங்கைத் தீவின் மணங்கமழ் தென்றலை 1819 இல் தம் கிறித்தவப் பாடலொன்றிற் புகழ்ந்த ஹீபர் என்பவரும், பின்னர் கல்கத்தாப் பேராயராகி 1825 இல் இங்கு வந்தார். ஆனால் காற்றிலே கறுவா மணக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர் பலரும் ஏமாந்தே போயினர். கறுவா தன் மணத்தைப் பட்டையினுள்ளே அடக்கி வைத்திருப்பது. இலையைக் கசக்கினாலன்றி, பட்டையை உரித்தாலன்றி அது வெளிப்படுவதில்லை.

கட்டாய ஊழியமாகிய இராசகாரிய முறை 1832 இல் ஒழிந்தது. மறு ஆண்டில் அரசின் கறுவாத் தனியுரிமையும் முடிவுற்றது. வேறு நாட்டுப் பட்டைகளின் போட்டியால் விலை வீழ்ந்தது. மலைநாட்டில் கோப்பிப் பயிர் பெருகி, முதலாளிகளின் கண் அப்பக்கம் திரும்பியது. கவனிப்பாரற்ற கறுவாத்தோட்டம் காடு பற்றியது. நிலம் துண்டு துண்டாக விலைப்பட்டது.

அக்காலத்திற் கொழும்பின் செல்வர் எங்கே வாழ்ந்தனர்? இங்கேதான் கொட்டாஞ்சேனையின் பழம்பெருமையை நினைவுகூர வேண்டும். இன்று நெருங்கிய கடைகளும், ஒடுங்கிய ஒழுங்கைகளும், ஓயாத ஆரவாரமும் நிறைந்த கொட்டாஞ்சேனையும், அதற்கு வடக்கே களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரமும் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செல்வரும் அதிகாரிகளும் விரும்பி வாழ்ந்த இடங்கள். கடற்காற்று வீசும் மேட்டுநிலங்களில் பறங்கியரும் ஆங்கிலேயரும் மாளிகை கட்டி வாழ்ந்தனர். 1851 இல் அங்கிலிக்கன் பேராயர் சாப்மன் நிறுவிய பரிசுத்த தோமையர் கல்லூரி முகத்துவாரத்திலேதான் தொடங்கியது. கொழும்புத் தமிழருள் முதன்மை பெற்றிருந்த பொன்னம்பல முதலியார், 1850களில், கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலை எழுப்பினார்.

இந்த நிலையை மாற்றியது துறைமுகம். 1875 டிசம்பரில், அப்போது வேல்ஸ் இளவரசராயிருந்த ஏழாம் எட்வேட், கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885 இல் அது நிறைவெய்தியது. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிச் செல்லும் பெருந்துறையாகக் கொழும்பு உயர்ந்தது. பண்டகசாலைகள் பெருகின, சுமை வண்டிகள் பெருகின, தொழிலாளர் வந்து குவிந்தனர். மாளிகைகளின் வெண்சுதைச் சுவர்களிற் கரித்தூள் படிந்தது. தோமையர் கல்லூரியே இக்கரித்தூளின் தொல்லைக்கு ஆற்றாது 1918 இல் கல்கிசைக்கு இடம் பெயர்ந்தது. நகருக்குச் செல்வம் ஈட்டித் தந்த துறைமுகமே செல்வரை அதன் அயலிலிருந்து பெயர்த்தது. அவர்கள் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் குடிபெயர்ந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் கொட்டாஞ்சேனையிலும் அயலிலும் தங்கினர்.

கறுவாத்தோட்டத்திற் புதிதாக வகுத்த வீதிகளுக்கு ஆங்கிலத் தேசாதிபதிகளின் பெயர்களைச் சூட்டினர். பார்ன்ஸ் பிளேஸ், ஹோட்டன் பிளேஸ் என்னும் இரண்டும் அருகருகே ஓடும் தெருக்கள். முன்னையதற்குப் பெயர் தந்த எட்வேட் பார்ன்ஸ் இராசகாரிய உழைப்பைக் கொண்டு கண்டிப் பெருவழியை அமைத்தவர். பின்னையதற்குப் பெயர் தந்த வில்மட் ஹோட்டன், அவ்வூழியம் சட்டத்தால் ஒழிந்த காலத்தில் ஆண்டவர். இரு தெருக்களையும் கடந்து செல்பவர் அறியாமலே இரண்டு யுகங்களைக் கடந்து செல்கின்றனர்.

இம்மாளிகைகளிற் குடியேறியவருள் தமிழர் பலர். பொன்னம்பல முதலியாரின் மைந்தர் மூவரும் நாடறிந்த பெருமக்கள். மூத்தவர் குமாரசுவாமி சட்டநிரூபண சபை உறுப்பினர். அடுத்தவர் இராமநாதன், வார்ட் பிளேசில் இருந்த அவர் இல்லத்தின் பெயர் சுகஸ்தான். இளையவர் அருணாசலம், போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர், 1919 இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். அவர் இல்லம் ஹோட்டன் பிளேசில் இருந்தது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் அவர் இயக்கம் நடத்தினார். அதன் முதற்பயனாகிய பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இல் திறக்கப்பட்டபோது, அதற்கு இடமளித்ததும் இப்பகுதியின் மாளிகையொன்றே.

கறுவாத்தோட்டத்துக்கு வந்த விருந்தினருள் விவேகானந்த அடிகளை மறத்தலாகாது. மேல்நாட்டுப் பயணம் முடித்து, 1897 ஜனவரி 15 அன்று அவர் கொழும்புத் துறையில் இறங்கினார். நகரமக்கள் திரண்டு, ஊர்வலமாக அவரைப் பார்ன்ஸ் பிளேசுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே அமைந்த பந்தலில் வரவேற்புரை அளித்தவர் மேற்சொன்ன குமாரசுவாமி. மறுநாள் அடிகள் நிகழ்த்திய உரையே தாயகம் திரும்பும் வழியில் கீழைநாட்டில் அவர் ஆற்றிய முதற் பொதுச் சொற்பொழிவு. பின்னர் அவர் கொழும்புச் சிவன் கோயிலையும் தரிசித்தார்.

நூதனசாலையும் தமிழர் நின்று பார்க்கத்தக்க இடமே. தேசாதிபதி கிரகரியின் முயற்சியால் 1877 ஜனவரி முதலாம் நாள் அது திறக்கப்பட்டது. வரைபடம் சிமிதர் என்னும் ஆங்கிலேயருடையது. கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்காயர் என்னும் முஸ்லிம் கட்டட வினைஞர். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும் என்பதை மட்டுமே அவர் வேண்டினார் என்று கூறுவர். அங்கே ஒரு கல் உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்து நாட்டியதும், 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டதும், 1911 இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டதுமான அக்கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒருங்கே உள்ளன. தமிழ்ப் பகுதி தென்னாவரத் திருமாலுக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. மூன்று மொழிகளும் ஒரே கல்லில் இடர்ப்படாது வாழ்கின்றன.

நாட்டின் வாழ்வு அவ்வாறு அமையவில்லை. 1983 ஜூலை 24 ஆம் நாள் மாலை, யாழ்ப்பாணத்திற் கொல்லப்பட்ட பதின்மூன்று படைவீரரின் உடல்களை எதிர்நோக்கிப் பெருங்கூட்டம் கூடியது பொறளைக் கனத்தை மயானத்தில். அது கறுவாத்தோட்டத்தின் எல்லை. அன்றிரவு பொறளையிற் பற்றிய தீ நகரெங்கும் பரவியது. தமிழ் நடுத்தரக் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்தமையாற் 'குட்டி யாழ்ப்பாணம்' எனப் பெயர்பெற்ற வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கப்பலேறி வடக்கே சென்றோர் பலர். கடல்கடந்து போனோர் பலர். எனினும் வெள்ளவத்தை மீண்டும் எழுந்தது. எரிந்த இடங்களில் மாடிக் குடியிருப்புகள் உயர்ந்தன.

வெள்ளவத்தையைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. சிலி நாட்டுக் கவிஞர் பப்லோ நெருடா, 1929 இல், தம் நாட்டுத் தூதரக அலுவலராக அவ்வூர்க் கடற்கரையிற் சிறிய வீடொன்றில் வாழ்ந்தார். அவர் மறைந்தபின் 1974 இல் வெளிவந்த தன்வரலாற்றில், வீட்டுக் கழிவுவாளியை நாள்தோறும் எடுத்துச் செல்ல வந்த தமிழ்ப் பெண்ணொருத்திக்கு அவள் இசைவின்றித் தாம் இழைத்த கொடுமையைத் தாமே எழுதியுள்ளார். கவிஞர் பெயரை உலகம் அறியும். அப்பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை. தோம்பிற் பெயரேறிய கறுவாத் தொழிலாளருக்குக் கிடைத்த அளவு இடங்கூட அவளுக்கு ஏட்டிற் கிடைக்கவில்லை.

செல்வர் வாழும் தெருவைக் காணச் செல்பவர் மதிலையும் மாளிகையையும் கண்டு வியத்தல் இயல்பு. ஆனால் அத்தெரு நேற்று வேறோர் இடத்தில் இருந்தது. நாளை இன்னோர் இடத்துக்குப் பெயரும். கொட்டாஞ்சேனையின் செல்வர் பெயர்ந்து போயினர். அவர்கள் எழுப்பிய கோயில் பெயரவில்லை. வார்ட் பிளேசிற் குடியிருந்த இராமநாதனே, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தந்தையார் கட்டிய கொச்சிக்கடைக் கோயிலைக் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கினார். துறைமுகத்து மூட்டை சுமப்போரும் செட்டியார் தெரு வணிகரும் இன்றும் அங்கே ஒரே வாயிலால் நுழைகின்றனர். ஆகவே, கறுவாத்தோட்டம் பார்த்துத் திரும்பும் விருந்தினர், ஊருக்குப் புறப்படுமுன் கொச்சிக்கடைக்கும் ஒருமுறை சென்றுவருதல் நன்று. கறுவாவின் மணம் போலவே ஓர் ஊரின் வரலாறும் உட்பட்டையில் உறைவது.